கிறிஸ்துமஸ் சாக்ஸை ஒரு பையாக நினைத்துத் தையுங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும். வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கம், இரண்டு பிள்ளைகள், போன கிறிஸ்துமஸுக்குக் கடையில் வாங்கித் தொங்கவிட்ட சாக்ஸ் ஒரே ராத்திரியில் தையல் விட்டுப்போய்விட்டது, இந்த வருஷம் நீங்களே தைக்க ஆசைப்படுகிறீர்கள். அம்மாவின் பழைய கால் மிஷின் இருக்கிறது, நேர்த்தையல் ஓட்டத் தெரியும், வளைவு வந்தால் கை தடுமாறும். என்ன துணி, எவ்வளவு துணி, எப்படி வெட்டுவது, மிஷின் சரிவராவிட்டால் கையாலேயே தைத்துவிடலாமா என்பது கேள்வி.

தைக்கலாம். கையால் சரியாகத் தைத்தாலும் பலமாகவே இருக்கும், கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அளவுக்கும் வெட்டுக்கும் போகுமுன் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நான் சொல்லப்போகும் எல்லாமே அதிலிருந்துதான் வருகிறது: இதை அலங்காரப் பொருளாக நினைக்காதீர்கள், எடை தாங்குகிற பையாக நினையுங்கள். சுவரில் மாட்டும் நட்சத்திரத்துக்குள் யாரும் எதையும் வைப்பதில்லை. சாக்ஸுக்குள் ஆரஞ்சு, பொம்மைக் கார், பென்சில் பாக்ஸ், மிட்டாய் டப்பா என்று எல்லாம் போகும், அப்புறம் காலையில் பிள்ளைகள் அதைப் பிடித்துத் தொங்குவார்கள். கடையில் விற்பது பெரும்பாலும் நெய்யாத துணியில், ஒற்றை மடிப்பில், ஓரத்தை ஒட்டிக் கால் இன்ச்கூட விடாமல் தைத்தது, மாட்டுகிற வளையமும் விளிம்பில் ஒரே ஓட்டுத்தான். அது கிழிந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

துணியிலிருந்து தொடங்குவோம். முதல் முறை தைப்பவர்கள் வெல்வெட் பக்கமே போக வேண்டாம். பார்க்க அழகுதான், ஆனால் இரண்டு வெல்வெட்டை நேருக்கு நேர் வைத்துத் தைத்தால் மேல்துணி ஒரு பக்கம், கீழ்த்துணி ஒரு பக்கம் என்று நகர்ந்துகொண்டே போகும், குண்டூசி குத்தினாலும் நகரும். சாட்டினும் அப்படித்தான், கூடவே வெட்டிய ஓரமெல்லாம் பிசிறு விடும். ஃபெல்ட் துணி பிசிறு விடாது, வெட்டுவதும் எளிது, அதனால் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் மலிவான ஃபெல்ட் எடை ஏற்றினால் நீண்டுவிடும், துவைத்தால் முடிமுடியாக எழும்பும். நம் ஊருக்குச் சரியானது கெட்டியான பருத்தித் துணி. எம்பிராய்டரிக்கு வாங்குகிற மேட்டி துணி சிவப்பில் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. இல்லாவிட்டால் திரைச்சீலை தைக்கும் கடையில் மிச்சத் துண்டு கேளுங்கள், பச்சையும் மெரூனும் சிவப்பும் கட்டாயம் கிடக்கும், துண்டு என்றால் விலையும் குறைத்துத் தருவார்கள். உங்களுக்குக் கருங்கல், மார்த்தாண்டம், திங்கள்சந்தை மூன்றும் பக்கம்தான். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு நாகர்கோவில் போகிறவர்களாக இருந்தால் அதோடு சேர்த்து வடசேரியிலோ மீனாட்சிபுரத்திலோ வாங்கிவிடலாம். அதற்கு மேல் தள்ளிப்போட வேண்டாம், டிசம்பர் 3-இல் திருவிழா முடிந்தால் அப்புறம் கேக்கும் குடிலும் பலகாரமும் என்று கைக்கு நேரம் கிடைக்காது.

உள்ளே லைனிங் கட்டாயம் வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். லைனிங் இல்லாத சாக்ஸில் உள்தையலின் பிசிறு பொம்மையின் சக்கரத்திலும் பேப்பர் மூலையிலும் மாட்டும், ஒரு இழை இழுபட்டால் தையல் முழுவதும் இளகும். லைனிங்குக்குப் பாவாடை தைக்கிற பாப்ளின் போதும். அதைவிட நல்லது வீட்டிலேயே இருக்கும், பல தடவை துவைத்து மெத்தென்று ஆன வேட்டி. அது இனி சுருங்கவும் சுருங்காது, சாயமும் விடாது. நடுவில் நைந்திருந்தால் ஓரத்துப் பக்கமாக வெட்டிக்கொள்ளுங்கள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் எந்த இடம் மெலிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

மேலே மடித்துவிடும் வெள்ளைப் பட்டைக்கு ஃபர் துணியைத் தேடி அலையாதீர்கள். அது வெட்டும்போதே முடி பறக்கும், மிஷினுக்குள் போய் அடைக்கும், மழைக்காலத்தில் ஈரம் இழுத்து ஒருமாதிரி வாடை வரும். வெள்ளைத் தேங்காய்ப்பூ துண்டு ஒன்று புதிதாக வாங்கி அதிலிருந்து வெட்டினால் பனி மாதிரியே புசுபுசுவென்று இருக்கும், எத்தனை தடவை வேண்டுமானாலும் துவைக்கலாம். இன்னொரு வழி எனக்கு இதைவிடப் பிடிக்கும்: பாட்டி மேலே போட்டுக்கொள்ளும் பழைய நேரியல் வீட்டில் இருந்தால் அதன் கசவுக் கரையைப் பட்டையாக வையுங்கள். சிவப்புத் துணிக்கு மேல் சந்தன நிறமும் தங்கக் கரையும் வந்தால் அந்த அழகைக் கடையில் வாங்க முடியாது. பழைய துணி நைந்திருக்கும் என்பதால் பின்னால் ஒரு பருத்தித் துணியைச் சேர்த்து இரட்டையாக வைத்துத் தையுங்கள்.

எவ்வளவு வேண்டும் என்றால், 36 இன்ச் அகலத் துணியில் ஒரு சாக்ஸுக்கு அரை மீட்டர், இரண்டுக்கு ஒரு மீட்டர். சுருக்கத்துக்கும் சேர்த்து ஒன்றேகால் மீட்டராக வாங்கிக்கொள்ளுங்கள். லைனிங்கும் அதே அளவு. வாங்கி வந்ததும் வெட்டக் கூடாது, முதலில் தண்ணீரில் ஊறப்போட்டு அலசிக் காயவைத்து இஸ்திரி போட வேண்டும். புதுப் பருத்தி கொஞ்சமாவது சுருங்கும், தைத்த பிறகு மேல்துணி மட்டும் சுருங்கினால் லைனிங் வெளியே பிதுங்கும். சிவப்புத் துணி சாயம் விடும், அதைத் தனியாக, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். உப்புப் போட்டால் சாயம் நின்றுவிடும் என்று சொல்வார்கள், அதை நம்பி வெள்ளைப் பட்டையைச் சேர்த்துத் தைத்துவிடாதீர்கள். கடைசி அலசலில் ஒரு வெள்ளைத் துணியை ஈரமாக அதன்மேல் தேய்த்துப் பாருங்கள், ஒட்டவில்லை என்றால் மட்டும் வெள்ளையைச் சேருங்கள். ஒட்டினால் பச்சையோ மெரூனோ பட்டையாக வைத்துவிடலாம்.

இனி அளவு. செய்தித்தாளில் 13 இன்ச் அகலம், 18 இன்ச் உயரத்துக்கு ஒரு கட்டம் போடுங்கள். இடது பக்கம் குதிகால், வலது பக்கம் விரல் நுனி. மேல் ஓரத்தில் இடது மூலையிலிருந்து ஏழரை இன்ச்சில் ஒரு புள்ளி, அதுதான் சாக்ஸின் வாய். அந்தப் புள்ளியிலிருந்து நேர்கீழாக 10 இன்ச் கோடு இறக்குங்கள். கட்டத்தின் வலது ஓரத்தில் மேலிருந்து 12 இன்ச்சில் இன்னொரு புள்ளி வைத்து, அங்கிருந்து இடதுபக்கமாக ஒரு கோடு இழுத்து வாருங்கள், அதுதான் பாதத்தின் மேல்புறம். இந்த இரண்டு கோடும் சந்திக்கப் போகும் உள்மூலையைக் கூர்மையாக விடக் கூடாது, அகலமான ஒரு டம்ளரை வைத்து அதன் வளைவில் இரண்டையும் சேர்த்துவிடுங்கள். விரல் நுனிக்கு 6 இன்ச் விட்டமுள்ள சின்னத் தட்டைக் கவிழ்த்து வைத்து அரைவட்டம் போடுங்கள். இடது கீழ்மூலையில், அதாவது குதிகாலில், டம்ளர் வாயை வைத்து வளைவு போடுங்கள். முடிந்தது. தையலுக்கு அரை இன்ச் இதற்குள்ளேயே இருக்கிறது, தனியாகச் சேர்க்க வேண்டாம். தைத்து முடிந்தால் வாய் ஆறரை இன்ச் அகலம் இருக்கும், உங்கள் கை முழங்கைவரை தாராளமாக உள்ளே போகும். கணுக்கால் இடத்தை ஒடுக்கி வளைத்து ஸ்டைலாகப் போட்ட படங்கள் நிறைய பார்த்திருப்பீர்கள், அதை விட்டுவிடுங்கள், அந்த ஒடுக்கத்தில்தான் டப்பா மாட்டிக்கொண்டு காலையில் பிள்ளை இழுத்துக் கிழிக்கும்.

இந்தப் பேப்பரை வெட்டி ஒரு அட்டையில் ஒட்டி வைத்துக்கொண்டால் அடுத்த வருஷம், அக்கா பிள்ளைக்கு, சபையில் கேட்பவர்களுக்கு என்று எத்தனை வேண்டுமானாலும் வெட்டலாம்.

வெட்டும்போது இரண்டு விஷயம். துணியின் நல்ல பக்கம் உள்ளே வருகிற மாதிரி இரண்டாக மடித்து, இரண்டு துண்டையும் ஒரே வெட்டில் எடுங்கள். தனித்தனியாக வெட்டினால் இரண்டு பாதமும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும், பூப்போட்ட துணி என்றால் அதை மாற்றிப் போடவும் முடியாது. இரண்டாவது, சாக்ஸின் நீளம் துணியின் கரைக்கு இணையாக இருக்க வேண்டும். குறுக்காகவோ கோணலாகவோ வைத்தால் துணி மிச்சமாகும் என்று தோன்றும், ஆனால் கோணலாக வெட்டின துணி எடை ஏறினால் இழுபட்டு ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும். லைனிங்கையும் இப்படியே, இதே அட்டையை வைத்து வெட்டுங்கள். மீதமுள்ள துணியில் 2 இன்ச் அகலம், 7 இன்ச் நீளத்துக்கு ஒரு பட்டை எடுத்து வையுங்கள், அது தொங்கவிடும் வளையத்துக்கு.

வளைவு வந்தால் கை தடுமாறுகிறது என்று சொன்னீர்கள். மிஷினில் நூலைக் கழற்றிவிட்டு, செய்தித்தாளில் இதே சாக்ஸ் வடிவத்தை வரைந்து, கோட்டின் மேல் ஊசி விழுகிற மாதிரி ஓட்டிப் பழகுங்கள். ஊசித்துளை கோட்டைவிட்டு எங்கே விலகுகிறது என்று பேப்பரில் அப்படியே தெரியும். நான் தையல் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளுக்கு முதல் பாடமே இதுதான், நாலைந்து பேப்பர் ஓட்டினாலே கால் வேகமும் கை திருப்புவதும் ஒன்று சேர்ந்துவிடும். வளைவில் வேகத்தைக் குறைத்து, இரண்டு மூன்று தையலுக்கு ஒருமுறை ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, துணியை அழுத்திப் பிடிக்கிற ஃபுட்டைத் தூக்கி, துணியைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி இறக்கி ஓட்டுங்கள். ஊசி கீழே இருக்கும்போது மட்டும்தான் திருப்ப வேண்டும். கெட்டித் துணிக்கு 16 நம்பர் ஊசி போடுங்கள், பழைய ஊசியையே வைத்து ஓட்டினால் தையல் விட்டுவிட்டு விழும், பழைய மிஷினைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். முதலில் ஒரு துண்டுத் துணியில் ஓட்டிப் பார்த்து, மேலும் கீழும் தையல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கையால் தைப்பதாக இருந்தால் ஓடு தையல் போடக் கூடாது, இழுத்தால் சுருங்கிக்கொண்டு வந்துவிடும். பின் தையல்தான் போட வேண்டும்: ஊசியை ஒரு தையல் முன்னால் எடுத்து, ஒரு தையல் பின்னால் போய்க் குத்தி, மறுபடி இரண்டு தையல் தூரம் முன்னால் எடுப்பது. ஒவ்வொரு தையலும் ஒரு நூல் அளவு, அதாவது அரைக்கால் இன்ச் இருந்தால் போதும், அதைவிடப் பொடியாகப் போட்டுக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நூலை இரட்டையாக எடுத்து, மெழுகுவர்த்தியில் இரண்டு தரம் இழுத்து விடுங்கள், சிக்கு விழாது, துணிக்குள் சுலபமாக வழுக்கிப் போகும். கை நீளத்துக்கு மேல் நூல் கோக்காதீர்கள், நீளமாகக் கோத்தால் பாதியில் முடிச்சு விழுந்து அறுக்கத்தான் வேண்டிவரும். சாயங்காலம் பிள்ளைகள் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து தைத்தால் ஒரு வாரத்தில் இரண்டு சாக்ஸும் ஆகிவிடும்.

சரி, தைக்கும் வரிசை. மேல்துணி இரண்டையும் நல்ல பக்கம் உள்ளே வைத்துக் குண்டூசி குத்தி, வாயை மட்டும் விட்டுவிட்டு மற்ற சுற்று முழுவதையும் அரை இன்ச் தள்ளித் தையுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் முன்னும் பின்னுமாக ஓட்டிக் கெட்டி பண்ணுங்கள். பாதமும் காலும் சேர்கிற உள்வளைவில் இன்னொரு முறை அதே கோட்டின்மேல் ஓட்டுங்கள், ஏனென்றால் அடுத்து அந்த இடத்தில்தான் கத்தரி வைக்கப் போகிறோம். உள்வளைவில் தையலுக்கு ஒரு நூல் தூரம்வரை, அரை இன்ச்சுக்கு ஒன்றாக, நேராக நறுக்கிவிட வேண்டும். இது செய்யாமல் திருப்பினால் அந்த இடம் சுருங்கிக்கொண்டு இழுத்துப் பிடிக்கும், எத்தனை இஸ்திரி போட்டாலும் நேராகாது. பாதிப் பேர் தைத்தது அசிங்கமாகத் தெரிவதற்குக் காரணம் இந்த நாலைந்து நறுக்கைப் பயந்து விட்டுவிடுவதுதான். விரல் நுனி வளைவிலும் குதிகாலிலும் நேராக நறுக்குவதற்குப் பதில் சின்னச் சின்ன முக்கோணமாக வெட்டி எடுங்கள், அங்கே துணி அதிகமாகிக் குவியும், எடுத்தால்தான் உருண்டையாக வரும். அப்புறம் திருப்பி, கரண்டிக் காம்பின் மழுங்கின முனையை உள்ளே விட்டு வளைவை மெதுவாகத் தள்ளி, இஸ்திரி போடுங்கள்.

லைனிங்கை இதே மாதிரி தையுங்கள், ஆனால் அரை இன்ச்சும் ஒரு நூலும் உள்ளே தள்ளி. உள்ளே போகிற பை வெளிப்பையைவிடக் கொஞ்சம் சின்னதாக இருந்தால்தான் சுருக்கம் இல்லாமல் உட்காரும். வாய் பக்கம் வரும்போது மட்டும் கடைசி 2 இன்ச்சை மெதுவாக அரை இன்ச்சுக்கே கொண்டுவந்துவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு வாயும் பொருந்தாது. லைனிங்கைத் திருப்ப வேண்டாம், அப்படியே மேல்துணிக்குள் கை விட்டு இறக்குங்கள், விரல் நுனி விரல் நுனியோடு, குதிகால் குதிகாலோடு சேர வேண்டும். வாய் ஓரம் இரண்டையும் சேர்த்து, விளிம்பிலிருந்து கால் இன்ச்சில் நீளத் தையலாக ஒரு சுற்று ஓட்டி வைத்துவிட்டால் பிறகு நகராது.

வளையத்துக்கு வெட்டிய பட்டையின் இரண்டு நீள ஓரத்தையும் நடுக்கோட்டுக்கு மடித்து, மறுபடி இரண்டாக மடித்தால் அரை இன்ச் அகலப் பட்டை வரும், ஓரத்தில் ஒரு ஓட்டு ஓட்டுங்கள். நாலு மடிப்புத் துணி, இது அறாது. சாட்டின் ரிப்பனை மட்டும் வளையமாக வைக்காதீர்கள், அது வழுக்கித் தையலைவிட்டு உருவிக்கொண்டு வந்துவிடும்.

இனி மேல்பட்டை. 9 இன்ச் உயரம், பதினாலேகால் இன்ச் நீளம். எண்ணை நம்பி வெட்டினாலும், ஓரம் சேர்க்குமுன் சாக்ஸின் வாயைச் சுற்றி வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஆள் தையல் கொஞ்சம் உள்ளேயும் வெளியேயும் போகும், வாய் எவ்வளவு வந்திருக்கிறதோ அதற்குத்தான் பட்டை பொருந்த வேண்டும். மிகக் கொஞ்சம் தளர்வாக இருக்கலாம், இறுக்கமாக இருக்கக் கூடாது, மடித்து வெளியே வரும்போது பட்டைக்கு இடம் வேண்டும்.

பெயர் எழுத ஆசை என்றால் பட்டையை வளையமாகச் சேர்க்குமுன்பே எழுதிவிட வேண்டும். தேங்காய்ப்பூ துண்டில் நேரடியாக எம்பிராய்டரி போட்டால் எழுத்து அந்தச் சுருள் நூலுக்குள் புதைந்துவிடும், ஒரு பருத்தித் துண்டில் போட்டு அதை மேலே வைத்துத் தைத்துவிடுங்கள். தமிழ் எழுத்தின் வளைவுக்குச் சங்கிலித் தையல் மிகப் பொருத்தம், வளைந்து வளைந்து போனாலும் உடையாது, புள்ளிக்கு முடிச்சுத் தையல் ஒன்று வைத்தால் போதும். எழுத்து முக்கால் இன்ச் உயரத்துக்குக் குறையக் கூடாது, ‘ணி’, ‘ஜெ’, ‘ஷா’ மாதிரி எழுத்துகள் பொடியாகப் போட்டால் ஒன்றோடொன்று கலந்து என்னவென்றே தெரியாது. இடம்: பட்டையை நல்ல பக்கம் உங்களைப் பார்க்க விரித்து, உயரத்தில் பாதிக்கு மேலே இருக்கிற பாகத்தில், இடது ஓரத்திலிருந்து முதல் 7 இன்ச்சுக்குள், எழுத்தின் தலை மேல் ஓரத்தைப் பார்த்து இருக்க வேண்டும். விரல் நுனி வலது பக்கம் பார்க்கிற மாதிரி தொங்கவிட்டால் பெயர் சரியாக முன்னால் வரும்.

பெயர் முடிந்ததும் பட்டையின் இரண்டு ஓரத்தையும் நல்ல பக்கம் உள்ளே வைத்துச் சேர்த்து வளையமாக்குங்கள், அப்புறம் நல்ல பக்கம் வெளியே வருகிற மாதிரி நீளவாக்கில் பாதியாக மடியுங்கள். பிசிறு ஓரம் மேலே, மடித்த ஓரம் கீழே. இதை இப்படியே சாக்ஸின் வாய்க்குள் இறக்க வேண்டும், பிசிறு ஓரங்கள் எல்லாம் மேலே ஒன்றாகச் சேர வேண்டும், பட்டையின் சேர்ப்பு குதிகால் பக்கத் தையலோடு பொருந்த வேண்டும். பெயர் எழுதின பக்கம் லைனிங்கைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும், வெளியே தெரியக் கூடாது. இங்கேதான் புதியவர்கள் குழம்புவார்கள், பெயரை மறைத்து வைக்கச் சொல்கிறார்களே என்று தோன்றும். தைத்துப் பட்டையை மேலே இழுத்து வெளியே மடிக்கும்போது அந்தப் பக்கம்தான் முன்னால் வரும். நம்பிக்கை இல்லையென்றால் குண்டூசி மட்டும் குத்தி, ஒருமுறை வெளியே மடித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே விடுங்கள். இதைச் செய்து பார்க்காமல் தைக்கவே வேண்டாம், இந்தச் சுற்றைப் பிரிப்பது மிகவும் கஷ்டம்.

குதிகால் பக்கத் தையலில், லைனிங்குக்கும் பட்டைக்கும் நடுவே வளையத்தைச் செருகுங்கள், வளையம் கீழே தொங்கட்டும், அதன் இரண்டு முனையும் பிசிறு ஓரத்துக்கு மேல் அரை இன்ச் நீட்டிக்கொண்டிருக்கட்டும். இப்போது சுற்றி அரை இன்ச் தள்ளித் தையுங்கள். வளையம் இருக்கும் இடத்தில் முன்னும் பின்னுமாக மூன்று ஓட்டு. தேங்காய்ப்பூ துண்டு என்றால் அந்த இடத்தில் துணி மிகவும் தடித்துவிடும், காலால் மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் உருட்டி ஒவ்வொரு தையலாக இறக்குங்கள், இல்லையென்றால் ஊசி ஒடியும். மிஷின் ஏற்காவிட்டால் அந்த 2 இன்ச்சை மட்டும் கையால் பின் தையல் போட்டுவிடலாம். தைத்து முடித்ததும் பட்டையை மேலே இழுத்து வெளியே மடித்துவிட்டால் பிசிறெல்லாம் அதற்கடியில் மறைந்துவிடும், உள்ளேயும் சுத்தம், வெளியேயும் சுத்தம், ஓவர்லாக் கடைக்கு அலைய வேண்டிய அவசியமே இல்லை.

தொங்கவிடுமுன் ஒரு கிலோ அரிசிப் பாக்கெட்டை உள்ளே போட்டு ஜன்னல் கம்பியில் ஒரு ராத்திரி மாட்டி வையுங்கள். காலையில் வளையத்தின் அடியிலும் உள்வளைவிலும் தையல் வாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தால் அந்த இடத்தை இன்னொரு முறை ஓட்டுங்கள், பிள்ளைகள் கைக்குப் போகுமுன் தெரிந்துகொள்வது நல்லது.

மேலே அலங்காரம் என்று கண்ணாடிக் கல், சமிக்கி, மணி எல்லாம் ஒட்டுகிறார்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பிய்த்து வாயில் போடுகிற எதையும் நான் சேர்க்க மாட்டேன். லேஸ் வையுங்கள். நம் மாவட்டத்துக்கு அந்தக் கை வேலையில் பெரிய பெயர் உண்டு: 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்தார், அவருடைய மகள் எலைசா கால்டுவெல் திருமணமாகிப் போன பிறகு இடையன்குடியிலும் அதைத் தொடங்கினார். முளகுமூட்டில் 1897-இல் பெல்ஜியத்திலிருந்து வந்த மதர் மேரி லூயிஸ் தெ மீஸ்டர் தொடங்கிய சபையின் கன்னியாஸ்திரிகளும் லேஸும் எம்பிராய்டரியும் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வேலை தெரிந்த பாட்டிமார் உங்கள் பக்கம் இருப்பார்கள். பழைய மேசைவிரிப்பிலோ தலையணை உறையிலோ கைலேஸ் மிஞ்சியிருந்தால் பெட்டிக்குள் கிடந்து மஞ்சளாவதைவிடப் பட்டையின் கீழ் ஓரத்தில் இருக்கட்டும். மிஷினில் ஓட்டாமல் பொடிப்பொடியாகக் கையால் பிடித்துவிடுங்கள், மிஷின் ஊசி அந்தப் பின்னலை அறுக்கும்.

உள்ளே என்ன போடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன், விரல் நுனியில் முதலில் ஒரு ஆரஞ்சு போடுங்கள். மீரா ஊரில், இன்றைய துருக்கியின் தெம்ரேயில், 4ஆம் நூற்றாண்டில் ஆயராக இருந்த புனித நிக்கோலாஸ், கல்யாணத்துக்கு வழியில்லாத மூன்று ஏழைப் பெண்களின் வீட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் பொன்னைப் போட்டார் என்றும், அது காயவைத்திருந்த சாக்ஸுக்குள் விழுந்தது என்றும் ஒரு மரபுக் கதை உண்டு. அந்தப் பொன்னுக்குப் பதிலாகத்தான் ஆரஞ்சு என்பார்கள். தைக்கிறவரின் கண்ணால் பார்த்தாலும் ஆரஞ்சு நல்லது, அந்த வளைவில் அழகாக உட்கார்ந்து பாதத்துக்கு வடிவம் கொடுக்கும். முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, உப்பேரி எல்லாம் எண்ணெய்ப் பண்டம், மூடி போட்ட சின்ன டப்பாவில் வைத்துத்தான் போட வேண்டும், இல்லையென்றால் லைனிங்கில் கறை, அதைவிட எறும்பு. பிள்ளைகள் தூங்கின பிறகு கடைசியாக நிரப்புங்கள்.

சாக்ஸ் மாட்ட நம் வீடுகளில் குளிர்காயும் கணப்பு கிடையாது, ஜன்னல் கம்பியோ மாடிப்படிக் கைப்பிடியோ போதும். சீரியல் பல்பு ஒயரில் மட்டும் மாட்டாதீர்கள், குடிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்கள் அதற்குப் பக்கத்திலும் வேண்டாம். மழை விடாத டிசம்பர் என்றால் வெளிவராந்தாவில் தொங்கவிட்டால் ராத்திரியில் ஈரம் இழுத்துவிடும், வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

பண்டிகை முடிந்து எடுத்து வைக்கும்போது நிறையப் பேர் அப்படியே நட்சத்திரத்தோடு சுருட்டி அட்டைப் பெட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள். நம் ஊரில் ஜூன் மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, அடுத்த வருஷம் திறந்தால் கரும்புள்ளி விழுந்திருக்கும். தண்ணீரில் அலசி, உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, ஜனவரி வெயிலில் நன்றாகக் காயவைத்து, கஞ்சி போடாமல், பழைய வேட்டித் துண்டில் சுற்றி, காய்ந்த வேப்பிலையோடு பீரோவில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்ட வேண்டாம், ஈரம் வெளியே போக வழியிருக்காது.

மேல்துணி கிடைத்து அளவு போடும்போது எங்காவது தடுமாறினால் அந்த இடத்தை மட்டும் சொல்லுங்கள், விளக்குகிறேன். இரண்டு சாக்ஸையும் ஒன்றாகத் தொடங்காமல் ஒன்றை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததை வெட்டுங்கள், உங்கள் மிஷினுக்கும் கைக்கும் எந்த அளவு சரிவருகிறது என்று முதலாவதிலேயே தெரிந்துவிடும்.